படத்தைச் சுருக்குவது கடைசி வேலை: ஜேபெக் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாதம் ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். தந்தை இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்துக்கு எட்டு அடியில் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார். படம் அவருடைய வாட்ஸ்அப்பில் இருந்தது. தங்கை அனுப்பியதை மாமா சேமித்து, ஓரத்தை வெட்டி, உறவினர் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து இவர் எடுத்து, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, எனக்கு அனுப்பினார்.

"போனில் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது, அண்ணே?"

போனில் நன்றாகத்தான் இருந்தது. கணினியில் திறந்து பெரிதாக்கியதும் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரிந்தன. மீசை எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. முகம் ஏறத்தாழ 900 பிக்சல் உயரம். அதை நான்கு அடிக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 19 பிக்சல்கூடத் தேறாது. எட்டுப் பிக்சல் அகலமுள்ள அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் பேனரில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

அந்தச் சதுரம் ஏன் எட்டுப் பிக்சல், ஏன் கன்னத்தில் மட்டும் தெரிகிறது, அது வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. பட வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

எது போகிறது, எப்படிப் போகிறது

12 மெகாபிக்சல் படம் என்றால் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். மொத்தம் 36 எம்பி வர வேண்டும். உங்கள் போன் சேமித்திருப்பதோ மூன்று நான்கு எம்பிதான். மீதி எங்கே போனது?

சமமாக எல்லா இடத்திலும் கிள்ளி எடுக்கவில்லை. போன் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறைக்கு ஜேபெக் (JPEG) என்று பெயர். நம் கண் எதைக் கவனிக்காதோ அதை முதலில் கழித்துவிடுகிறது ஜேபெக். வெளிச்ச வேறுபாட்டை நம் கண் நுணுக்கமாகப் பார்க்கும்; நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் படத்தை வெளிச்சத்துக்கு ஓர் அடுக்கு, நிறத்துக்கு இரண்டு அடுக்கு என்று பிரித்துக்கொண்டு, வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொள்கிறது. நிறத்தை மட்டும் பெரும்பாலான நேரம் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சராசரியாக்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று முழு அடுக்கு இருந்த இடத்தில் ஒரு முழு அடுக்கும் இரண்டு கால் அடுக்கும். முக்கியமான வேலை தொடங்கும் முன்பே பாதி குறைந்துவிட்டது, நமக்குத் தெரியவும் இல்லை.

அடுத்து, படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. நம் 4000க்கு 3000 படத்தில் இப்படி 1,87,500 கட்டங்கள். ஒரு கட்டத்தில் இருக்கும் 64 பிக்சல்களையும் அப்படியே எழுதாமல், 64 மாதிரி வடிவங்களில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதுகிறது. முதல் வடிவம் வெறும் சமதளம். அடுத்தது இடமிருந்து வலமாக மெதுவாக மாறும் வெளிச்சம். போகப் போக வரிகள் நெருங்கி, கடைசி வடிவம் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி நிற்கும். தெளிந்த வானத்தில் ஒரு கட்டத்தை எடுத்தால் முதல் எண்ணைத் தவிர மற்றவை எல்லாம் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். பட்டுப்புடவையின் ஜரிகையில் ஒரு கட்டத்தை எடுத்தால் பெரும்பாலான எண்களுக்கும் வேலை இருக்கும்.

இதுவரை எட்டுக்கு எட்டில் பெரிதாக எதுவும் இழக்கவில்லை. வேறு மொழியில் எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். இழப்பு அடுத்த நொடியில் நடக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் ஒரு பட்டியலில் உள்ள எண்ணால் வகுத்து, வரும் விடையை முழு எண்ணாக்கிவிடுகிறது. சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் தரத்தை 50 என்று வைத்தால் ஒரு வடிவத்துக்குப் பட்டியலில் 40 இருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்த வடிவத்தின் அளவு 37 என்றால், 40ஆல் வகுத்தால் 0.925, அதை 1 என்று எழுதிவைக்கிறது. படத்தைத் திறக்கும்போது 1 திரும்பவும் 40 ஆகிறது. 37 போய் 40 வந்தது, பரவாயில்லை. அளவு 18 என்றால்? 0.45, அதாவது பூஜ்யம். அந்த நுணுக்கம் கட்டத்திலிருந்தே அழிந்தது. தரத்தை 75க்கு ஏற்றினால் அதே 40 இருபதாகக் குறையும், 18 பிழைத்துக்கொள்ளும். தரத்தை 25க்கு இறக்கினால் 40 எண்பதாகும். இப்போது 37கூடப் பூஜ்யம்தான்.

நீங்கள் நகர்த்தும் தரப் பட்டை செய்வது இவ்வளவே: வகுக்கும் எண்ணைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது. அது சதவீதம் அல்ல. தரம் 80 என்றால் எண்பது சதவீதம் மிஞ்சியது என்று பொருள் இல்லை. ஃபோட்டோஷாப்பின் சேமிப்புப் பெட்டியில் இதே பட்டை 0 முதல் 12 வரை இருக்கும். ஒரு மென்பொருளின் எண்ணை இன்னொன்றில் அப்படியே போட்டால் அதே விடை வராது. தரம் 100 என்று வைத்தாலும் இழப்பு உண்டு, மிகச் சிறிதாக.

அதன்பின் வரிசையாக நிற்கும் பூஜ்யங்களை எண்ணிச் சுருக்கமாக எழுதும் வேலை. அதில் இழப்பு எதுவும் கிடையாது.

இந்த வடிவங்களாகப் பிரிக்கும் கணக்கை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் இருந்துகொண்டு 1972இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வுக்குப் பணம் கேட்டார், கொடுக்கவில்லை. அப்படியும் விடாமல், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரநிலை அந்தக் கணக்கின் மேல்தான் கட்டப்பட்டது.

முதல் படி: உங்கள் கண்ணுக்கு நீங்களே பாடம் எடுங்கள்

படித்தால் மட்டும் இது பிடிபடாது. ஒரு படத்தில் மூன்று இடங்கள் இருக்கும்படி எடுங்கள்: கொஞ்சம் வானம் அல்லது வெற்றுச் சுவர், கொஞ்சம் நுணுக்கம் (தலைமுடி, ஜரிகை, வேப்பிலை எதுவானாலும்), கொஞ்சம் எழுத்து. கடைப் பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால் மூன்றும் கிடைத்துவிடும்.

அதை இலவச மென்பொருளான கிம்ப்பில் (GIMP) திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதிப் பெட்டியில் முன்னோட்டம் காட்டும் குறியை இட்டால், பட்டையை நகர்த்த நகர்த்தப் படமும் மாறும், கோப்பின் அளவும் தெரியும். மென்பொருள் நிறுவ விருப்பம் இல்லை என்றால் ஸ்குவூஷ் (Squoosh) என்ற தளம் போதும். மூலப்படமும் சுருக்கிய படமும் நடுக்கோட்டின் இரு பக்கம் நிற்கும்; கோட்டை இழுத்து ஒப்பிடலாம். படம் உங்கள் உலாவியிலேயே சுருக்கப்படுகிறது.

95, 85, 75, 50, 20, 5 என்று ஆறு நகல் எடுங்கள். பார்க்கும்போது நூறு சதவீத அளவில் பாருங்கள், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாக. திரைக்குள் அடங்கும்படி சிறிதாக்கிப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். எங்கள் வாடிக்கையாளர் போனில் ஏமாந்தது அங்கேதான்.

100க்கும் 95க்கும் என்னால் வேறுபாடு சொல்ல முடிந்ததில்லை. கோப்பு மட்டும் படத்தைப் பொறுத்து இரட்டிப்பை நெருங்கும். 85இல் சாதாரணப் புகைப்படத்துக்குக் குறை தெரியாது. 75இல் எழுத்தின் ஓரம் பிசிறத் தொடங்கும். 50இல் வானம் காட்டிக்கொடுத்துவிடும். 20க்குக் கீழே எல்லோருக்கும் தெரியும். இணையத்துக்குப் போகும் படத்துக்கு 80 முதல் 85, அச்சுக்குப் போவதற்கு 95 என்பது என் பழக்கம்.

இரண்டாம் படி: எந்தக் குறை எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டம் தெரிவது சமமான பரப்பில்: வானம், சுவர், கன்னம். அங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே சிறு வேறுபாடு வந்தாலும் எல்லைக்கோடு தெரிந்துவிடும். ஜரிகையிலும் அதே அளவு பிழை இருக்கும், ஆனால் கூட்டத்தில் கண்ணுக்குப் படாது. சூரியன் மறையும் வானத்தில் வேறொரு குறை வரும். மெதுவாக மாற வேண்டிய நிறம் படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக நிற்கும்.

எழுத்துக்கு வரும் குறைதான் எனக்குப் பெரிய தலைவலி. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் வெளிச்சம் திடீரென்று மாறும் இடம். அதை எழுதப் பல வடிவங்கள் சேர வேண்டும். அவற்றில் சிலவற்றைக் கழித்துவிட்டால் எழுத்தைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல் சாம்பல் புள்ளிகள் வரும். ஆங்கில எழுத்தில் இதனால் அழகு கெடும். தமிழில் பொருளே கெடும். சிறிய எழுத்தில் புள்ளி என்பது இரண்டு மூன்று பிக்சல்தான். அந்தச் சாம்பல் கூட்டத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்தால் 'பட்டு' 'படடு' ஆகிவிடும். பிழைதிருத்துபவர் தாளில் சுழிப்பார். தட்டச்சு செய்தவர் நான் சரியாகத்தான் அடித்தேன் என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

நிறத்தை நான்குக்கு ஒன்றாக்கியதன் பலனைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. ஜேபெக்கில் சேமித்துப் பெரிதாக்கினால் சிவப்பு ஓரத்தைத் தாண்டி மஞ்சளுக்குள் வழிந்திருக்கும். நெற்றியில் குங்குமப் பொட்டின் ஓரமும் அப்படித்தான். கிம்ப் ஏற்றுமதியில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் நிறச் சராசரியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அது 4:2:0 என்று இருந்தால் 4:4:4 என்று மாற்றுங்கள், நிறமும் முழுதாக நிற்கும். கோப்பு பெரிதாகும், பத்திரிகைக்கு அது தகும்.

மூன்றாம் படி: படத்துக்கேற்ற பெட்டி

புகைப்படத்துக்கு ஜேபெக். எழுத்து, கோடு, இலச்சினை, ஸ்கிரீன்ஷாட் என்றால் பிஎன்ஜி (PNG). அது இழப்பில்லாமல் சுருக்கும். சமமான நிறப் பரப்பு அதிகம் உள்ள ஸ்கிரீன்ஷாட்டில் பிஎன்ஜி கோப்பு ஜேபெக்கைவிடச் சிறிதாக வருவதும் உண்டு. அதே பிஎன்ஜியில் புகைப்படத்தைப் போட்டால் பல மடங்கு வீங்கும்.

கூகுள் 2010இல் அறிமுகம் செய்த வெப்பி (WebP), ஐபோன் 2017 முதல் எடுக்கும் ஹெய்க் (HEIC) போன்ற பட வடிவங்கள் பெரும்பாலும் ஜேபெக்கைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரும். அவற்றிலும் இழப்பு உண்டு, முகம்தான் வேறு. கட்டத்தைக் காட்டாமல் நுணுக்கத்தை வழித்து மழமழவென்று ஆக்கிவிடும்; தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கும். இணையதளம் நடத்துபவர்கள் வெப்பிக்குத் தாராளமாக மாறலாம். அச்சகத்துக்கு அனுப்பும் முன் அவர்களுடைய மென்பொருள் திறக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஜேபெக்கில் கெட்டுவிட்ட படத்தைப் பிஎன்ஜியாக மாற்றிச் சேமித்துவிட்டு 'இப்போது தரம் கூடிவிட்டது' என்று கொண்டுவருபவர்கள் உண்டு. திரிந்த பாலை வெள்ளிச் சொம்பில் ஊற்றினாலும் திரிந்த பால்தான்.

நான்காம் படி: வேலையின் வரிசை

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் கேடு வராது. மூலப்படத்தைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். அதன்மேல் எதையும் சேமிக்காதீர்கள். வேலை செய்யும் படத்தை மென்பொருளின் சொந்த வடிவத்தில் வைத்திருங்கள். கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி. வெட்டுவது, வெளிச்சம் சரிசெய்வது, அளவு குறைப்பது, எழுத்துச் சேர்ப்பது எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரே ஒரு முறை ஜேபெக் எடுங்கள். திருத்தம் வந்தால் அந்த ஜேபெக்கைத் திறக்காதீர்கள். வேலைக்கோப்புக்குத் திரும்பிப் போங்கள்.

படத்தைத் திறந்து பார்த்தாலே தரம் குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். குறையாது. பென்டிரைவுக்கு நகல் எடுத்தாலும் குறையாது. மறுபடி சேமித்தால்தான் கேடு. அதிலும் எதையும் மாற்றாமல் அதே மென்பொருளில் அதே தரத்தில் திரும்பத் திரும்பச் சேமித்தால் சில முறைக்குப் பிறகு பெரிதாக எதுவும் கெடுவதில்லை. வகுத்து முழுதாக்கிய எண்ணை அதே எண்ணால் மறுபடி வகுத்தால் அதே விடைதான் வரும். ஆனால் இடது ஓரத்திலோ மேல் ஓரத்திலோ மூன்று பிக்சலை வெட்டிவிட்டுச் சேமித்துப் பாருங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டம் முழுவதும் மூன்று பிக்சல் நகர்ந்து விழும். பழைய கட்டத்தின் எல்லைக்கோடு புதிய கட்டத்தின் நடுவில் வந்து நிற்கும். அதையும் படத்தின் நுணுக்கம் என்று எண்ணி ஜேபெக் எழுதிவைக்கும். மாமா ஓரம் வெட்டியதும், மகன் வெளிச்சம் ஏற்றியதும், இடையில் செயலி இரண்டு முறை சுருக்கியதும் சேர்ந்துதான் அந்தக் கன்னத்தில் சதுரமாக நின்றன.

ஐந்தாம் படி: '50 கேபிக்குள்' என்று கேட்டால்

தேர்வு விண்ணப்பங்களில் புகைப்படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். வருபவர்களில் பலர் 12 மெகாபிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரப் பட்டையைத் தரைமட்டத்துக்கு இறக்குகிறார்கள். 50 கேபி என்பது, பைட்டுக்கு எட்டுப் பிட் வீதம், ஏறத்தாழ நான்கு லட்சம் பிட். அதை ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சலுக்குப் பங்கிட்டால் முப்பது பிக்சலுக்கு ஒரு பிட் கிடைக்கும். முகம் பாசி பிடித்த சுவராகத்தான் வரும்.

முதலில் பிக்சலைக் குறையுங்கள். 35க்கு 45 மில்லிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் 413க்கு 531 பிக்சல். சுமார் 2,19,000 பிக்சல். அதே 50 கேபி இப்போது பிக்சலுக்கு இரண்டு பிட்டை நெருங்கும். தரத்தை 85க்குக் கீழே இறக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. விண்ணப்பத்திலேயே பிக்சல் அளவு சொல்லியிருந்தால் அதையே வையுங்கள். பின்னணி வெற்றாக இருந்தால் கோப்பு இன்னும் சுருங்கும். பூப்போட்ட திரைச்சீலைக்கு முன் எடுத்தால் உங்கள் முகத்துக்கு உரிய பிட்டைத் திரைச்சீலை தின்றுவிடும்.

கையெழுத்துக்கும் இதேதான். தாள் முழுவதையும் அனுப்பாமல் கையெழுத்தை ஒட்டி வெட்டுங்கள்.

ஆறாம் படி: அனுப்புவது, ஸ்கேன் செய்வது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் குறையும், தரமும் குறையும். சாதாரண அனுப்புதலில் என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சல்தான். 2023இல் வந்த எச்டி தேர்வு கொஞ்சம் மேல். மாறாமல் வர வேண்டுமென்றால் இணைப்புக் குறியைத் தொட்டு 'ஆவணம்' என்பதன் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். மின்னஞ்சல் இணைப்பும் சரி. படத்தை அனுப்பியவரிடம் கேட்பதைவிட எடுத்தவர் யார் என்று கேளுங்கள். மூலம் அவர் போனில் இருக்கும். எங்கள் பேனர் படமும் தங்கையின் போனில் 4 எம்பியில் பத்திரமாக இருந்தது. ஆவணமாக அனுப்பினார். அதில் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கொக்கிகூடத் தெரிந்தது.

பத்திரம், சான்றிதழ் போன்றவற்றை ஸ்கேன் செய்யும்போது அதிகச் சுருக்கம் வேண்டாம். 2013இல் ஜெர்மனியின் கணினி அறிவியலர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்த அறைகள் நகலில் 14.13 என்று மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார். ஜேபெக் அல்ல, ஜேபிக்2 என்ற வேறு முறை. ஒன்றுபோல் தெரியும் துண்டுகளுக்கு ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டு இடம் மிச்சம் பிடித்திருந்தது. மங்கல் இல்லை, பிசிறு இல்லை, எண் மட்டும் தவறு. நான் அதைப் படித்த நாளிலிருந்து சர்வே எண் உள்ள எதையும் ஸ்கேன் செய்தால் மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

மூலப்படம் கிடைக்கவே இல்லை என்றால்

கழித்த எண் திரும்ப வராது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் படத்தைக் கூர்மையாக்கும் என்கிறார்கள், ஆக்கும்தான். இல்லாத இடத்தில் எதையோ ஊகித்து வரைந்து வைக்கும். பூச்செடிப் படத்துக்கு அது போதும். இறந்தவர் முகத்துக்கு வேண்டாம். பல்வரிசையும் கண்ணோரச் சுருக்கமும் வேறு யாருடையதாகவோ மாறிவிடும். வீட்டில் உள்ளவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முகத்தைச் சிறிதாக வைப்பதுதான் நேர்மையான வழி. 900 பிக்சல் முகத்தை நான்கு அடிக்குப் பதிலாக ஒன்றரை அடிக்கு வைத்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல் கிடைக்கும். கட்டம் நான்கு மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும், தெருவில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. மீதி இடத்தில் பெயரையும் தேதியையும் பெரிய எழுத்தில் போடுங்கள். எழுத்தை மட்டும் ஜேபெக் படத்தில் கலந்துவிடாமல் தனி அடுக்காக அச்சுக்கு அனுப்புங்கள்.